வெண்ணெய் சேராத மலைக்காய் மசியல்: இதுவரை செய்து பார்த்தவை

சில மாதங்களாகப் பால், வெண்ணெய், நெய் எதுவும் சேர்க்காமல், குன்னூர் உழவர் சந்தையில் கிடைக்கும் கிழங்குகளையும் வேர்க்காய்களையும் மசித்துத் தொட்டுக்கொள்ளச் செய்து வருகிறேன். உருளைக்கிழங்கும் கேரட்டும் பீட்ரூட்டும் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில், இந்த நீலகிரி மலையில் வேரூன்றத் தொடங்கிய காய்கள். அவற்றைப் பாலும் வெண்ணெயும் விட்டு மசிப்பது வெள்ளைக்காரர் வழக்கம். சேனையையும் கருணையையும் வேகவைத்து, புளியோ எலுமிச்சையோ சேர்த்து, நல்லெண்ணெயில் தாளித்து மசிப்பது நம் வழக்கம். இந்த இரண்டாவது வழிக்கு மலைக்காய்கள் எவ்வளவு தூரம் ஒத்துவருகின்றன என்று பார்ப்பதே என் நோக்கம். வெண்ணெய்க்கு மாற்றாக எதைச் சேர்க்கலாம் என்று தேடுவதைவிட, காயில் இருக்கும் தண்ணீரை என்ன செய்வது என்று யோசிப்பதே பலன் தருகிறது.

உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர் இருந்தாலும், கூடவே 15 சதவீதம் அளவுக்கு மாவுச்சத்தும் இருப்பதால் அது தானாகவே கெட்டியாக நிற்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் காத்திருப்பதைவிடத் தோலோடு குக்கரில் வைப்பதே நல்லது. வெந்ததைச் சூடு ஆறுவதற்குள் உரித்து மத்தால் மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் மாவுத்துகள்கள் உடைந்து, கரண்டியைத் தூக்கும்போது பசைபோல் இழுபடும். வேகவைத்த தண்ணீரிலேயே இரண்டு கரண்டி எடுத்துச் சூடாக விட்டு, நல்லெண்ணெயில் கடுகு, தட்டிய பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டினால் பாலின் நினைவே வருவதில்லை. முதலில் தேங்காய் எண்ணெயில்தான் தாளித்தேன். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் எண்ணெய் அது. மார்கழிக் குளிரில் தட்டுக்கு வந்த சிறிது நேரத்திலேயே மசியலின் மேல் வெள்ளையாகப் படலம் கட்டியது. மலையில் இருப்பவர்களுக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோதான் சரி.

கேரட்டுக்குத்தான் அதிக யோசனை தேவைப்பட்டது. அதில் தண்ணீர் 88 சதவீதம். தாங்கிப் பிடிக்க மாவுச்சத்து ஏறக்குறைய கிடையாது. தண்ணீரில் முக்கி வேகவைத்தால் மசித்த பிறகு ஓரங்களில் நீர் பிரிந்து நிற்கிறது. ஆவியில் வேகவைத்து, மசித்து, அடிகனமான வாணலியில் மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருந்தால், முதலில் கொப்பளித்துத் தெறிக்கும் விழுது மெல்ல அடங்கி, கரண்டி போன வழியில் வாணலியின் அடி தெரியும்படி விலகி நிற்கும்; அதுதான் பதம். அப்போது ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலைப் பொடியைத் தூவினால் மிச்ச ஈரத்தையும் அது வாங்கிக்கொள்கிறது. முந்திரி விழுதும் சேர்த்துப் பார்த்தேன். ருசியாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றாடச் சமையலுக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஊட்டி கேரட்டுக்கு இனிப்பு தூக்கலாக இருப்பதால் இஞ்சியும் மிளகும் தாராளமாகவே வேண்டும். எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் காய் எவ்வளவு வெந்தாலும் நறுக்கென்றே இருக்கும்.

பீட்ரூட்டின் வாலையும் தண்டடியையும் வெட்டாமல், தோலோடு குக்கரில் வைத்தால் சாயம் தண்ணீரில் இறங்குவதில்லை. அதன் மண்வாசனை பலருக்குப் பிடிப்பதில்லை. எங்கள் அத்தையும் அந்தக் கட்சிதான். எலுமிச்சை விட்டால் அந்த வாசனை வெகுவாக அடங்கி, நிறமும் பளிச்சென்று நிற்கிறது. வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துக் கலந்து வைத்தபோது அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டு, “இதில் நெய் விட்டிருக்கிறாயா?” என்று கேட்டார்கள். ராகிக் களிக்கு இதைவிடப் பொருத்தமான துணை இன்னும் எனக்கு அகப்படவில்லை.

இப்போது டர்னிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 92 சதவீதம் தண்ணீர், போதாக்குறைக்குக் கடுகின் குடும்பத்துக்கே உரிய காரநெடி. மூடாமல் வேகவைத்தால் நெடி குறைகிறது. வெந்ததை மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்து, அதே அளவு உருளைக்கிழங்கோடு சேர்த்து மசித்தால் கெட்டிப்படுகிறது. பிழிந்த நீரை ரசத்தில் சேர்த்துவிடுகிறேன். ருசி இன்னும் கொஞ்சம் கசப்புப் பக்கமே சாய்கிறது. முற்றிய கிழங்கைத் தவிர்த்து, எலுமிச்சம்பழ அளவுள்ள இளசுகளாகப் பொறுக்கி வாங்கி, வறுத்த எள்ளுப் பொடியோடு அடுத்த முறை செய்வதாக இருக்கிறேன்.