வாசல் வரை வந்த பொதிகள்

வெள்ளவத்தையில் ரயிலேறும்போது நன்றாக இருக்கும் எங்கள் செயலியின் இணைப்பு, கொள்ளுப்பிட்டி வருவதற்குள் உறைந்துவிடும். அறுந்துவிட்டது என்றும் செயலி சொல்லாது. மூன்று நிமிடம் சுற்றிக்கொண்டே நிற்கும். அலுவலக வைஃபையில் ஒருநாளும் இப்படி நடந்ததில்லை. செயலி பேசும் சேர்வர், க்விக் (QUIC) என்ற இணையத் தரவுப் பரிமாற்ற நெறிமுறைக்கு நானே எழுதியது. ஆகவே குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை: கைத்தொலைபேசி வலையமைப்பு! நான்கு நாட்கள் மறுஅனுப்புதல் நேரங்களைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் பிளேன்டீ குடிக்கும்போது அலுவலக அண்ணா ஒருவர் கேட்டார்: "பொதி சேர்வருக்கு வருகிறதா, இல்லையா? முதலில் அதைப் பாரும் தம்பி."

வலையமைப்பில் போகும் பொதிகளை, அதாவது தரவுத் துண்டுகளை, காட்டும் வயர்ஷார்க் கருவியில் பிடித்துப் பார்த்தால், எல்லாம் வந்துகொண்டிருந்தன. ஆனால் வேறொரு போர்ட் எண்ணிலிருந்து (ஐபி முகவரியோடு சேரும் வாசல் எண் போன்றது). செயலி சிறிது நேரம் எதையும் அனுப்பாமல் இருந்தால், நடுவில் இருந்து பல கருவிகளின் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றிக் கொடுக்கும் நேட், க்விக் பயணிக்கும் அந்த யூடிபி வழியை மறந்துவிடுகிறது. அடுத்த பொதிக்குப் புதிய போர்ட்டைக் கொடுக்கிறது. என் சேர்வரோ ஐபி முகவரியையும் போர்ட்டையும் வைத்தே இணைப்பைத் தேடியது. அட்டவணையில் இல்லாததால் பொதியைச் சத்தமில்லாமல் எறிந்தது. முகவரியையும் போர்ட்டையும் வைத்தே இணைப்பை அறியும் பழைய நெறிமுறையான டிசிபியில் பழகிய கை. க்விக்கில் சேர்வர் கொடுத்த இணைப்பு அடையாளம் பொதியிலேயே வருவது, முகவரி மாறினாலும் இணைப்பைக் கண்டுபிடிக்கத்தான். 2021 மே மாதம் வெளியான க்விக்கின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 9000 இதைத் தெளிவாகச் சொல்கிறது. நான் அதை வாசித்தும் இருந்தேன்.

திருத்துவதிலும் ஒரு முடிச்சு இருந்தது. இணைப்பு நிறுவப்பட்டபின் வரும் குறுந்தலைப்புப் பொதிகளில் அடையாளத்தின் நீளம் எழுதப்படுவதில்லை. அதைக் கொடுத்தவரே அறிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் 8 பைட் ஆக்கினேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் ரயிலேற முடியாதே. 20 விநாடிக்கு ஒருமுறை போர்ட்டை மாற்றி, பழைய போர்ட்டில் சில பொதிகளைத் தாமதிக்கும், செயலிக்கும் சேர்வருக்கும் நடுவில் நிற்கும் சிறிய தரகு நிரல் ஒன்றை எழுதினேன். முதல் நாளே எழுதியிருக்கலாம். அது உடனே இரண்டாவது பிழையைக் காட்டியது: பிந்தி வந்த பழைய பொதி ஒன்றைக் கண்டதும் சேர்வர் மறுபடி பழைய போர்ட்டுக்கே பதில் அனுப்பியது. இதுவரை வந்தவற்றில் மிகப் பெரிய வரிசை எண்ணுள்ள பொதிக்கு மட்டுமே முகவரியை மாற்ற வேண்டும். புதிய முகவரி உண்மையில் செயலியுடையதுதானா என்று பார்க்க அதற்கு 8 பைட் சவால் ஒன்றை அனுப்பி, அதே 8 பைட் திரும்பி வரும்வரை, அங்கிருந்து வந்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அனுப்பவும் கூடாது.

போன வெள்ளிக்கிழமை கோட்டை வரை போனேன். சேர்வர் பதிவில் போர்ட் மூன்று முறை மாறியிருந்தது. செயலி ஒருமுறையும் சுற்றவில்லை.