லினக்ஸ் மின்ட்: டிரைவர் தேடி அலைவதற்கு முன்

விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்கு ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு. ஓஎஸ் போட்டதும் தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய், சாதனங்களை இயக்கும் மென்பொருளான டிரைவர்களை ஒவ்வொன்றாக இறக்குவார்கள். லினக்ஸில் இதை முதல் நாளே விட்டுவிடுங்கள். இங்கே பெரும்பாலான டிரைவர்கள் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரும் டிஸ்ட்ரோவோடு (மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) சேர்ந்தே வந்துவிடும். இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. தனிக் கவனம் கேட்பவை என்விடியா, பிராட்காம் வைஃபை, சில லேசர் பிரின்டர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு லினக்ஸ் மின்டின் சின்னமன் டெஸ்க்டாப் பதிப்பு நல்ல தேர்வு. மின்ட் 22 வெளிவந்தது 2024 ஜூலையில். உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் கிடைக்கும். 4 ஜிபி ராம் இருந்தால் சிரமமில்லாமல் ஓடும். மின்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுத வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது.

பூட் ஆனதும் இன்ஸ்டால் ஐகானைத் தொடாதீர்கள். லைவ் நிலையிலேயே (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் நிலை) அரை மணி நேரம் செலவழியுங்கள்: வைஃபை, ஒலி, டச்பேட், வெப்கேம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், லேப்டாப் மூடியை மூடித் திறந்தால் திரும்ப விழிக்கிறதா என்பது வரை பார்த்துவிடுங்கள். அடுத்து மெனுவில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' திறந்து கணினித் தகவல் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு சாதனத்தின் பக்கத்திலும் அதை இயக்கும் டிரைவரின் பெயரும் சிப் ஐடியும் இருக்கும். டிரைவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'என்/ஏ' என்றிருந்தால் பிரச்சினை அங்கேதான். உதவி கேட்கும்போதும் லேப்டாப் மாடலைச் சொல்வதைவிட இந்தச் சிப் ஐடியைச் சொன்னால்தான் சரியான பதில் வரும். ஒரே மாடலை வெவ்வேறு வைஃபை கார்டுகளோடு விற்பது சாதாரணம்.

இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற டிஸ்க் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அதை ஏஎச்சிஐ என்ற வழக்கமான டிஸ்க் முறைக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும். ஆனால் அதே டிஸ்கில் விண்டோஸ் இருந்தால், நேரடியாக மாற்றியதும் அது பூட் ஆகாமல் போகலாம். முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள். விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்து, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏறிய பிறகு விண்டோஸை மட்டும் சாதாரண பூட்டுக்குத் திருப்புங்கள்.

என்விடியா கார்டு இருந்து லைவ் பூட்டில் திரை கறுத்துப் போனால், தொடக்க மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோடு' தேர்ந்தெடுங்கள். நிறுவிய பின் முதல் பூட்டிலும் அதே கறுப்புத் திரை வரலாம். அப்போது பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'ஈ' (ஆங்கில e) விசையை அழுத்தி, 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற சொற்களை எடுத்துவிட்டு 'நோமோட்செட்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரே சொல்லாக அடித்து, எஃப்10 அழுத்துங்கள். உள்ளே போனதும், பிழை நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட். பிறகு டிரைவர் மேனேஜரில் 'ரெக்கமண்டட்' என்று குறித்திருப்பதை நிறுவி ரீஸ்டார்ட். என்விடியா தளத்தில் கிடைக்கும் 'ரன்' கோப்பு வேண்டவே வேண்டாம். அது, மென்பொருள்களை நிறுவி அப்டேட் செய்யும் பேக்கேஜ் மேனேஜரின் கணக்கில் வராது. பின்னால் கர்னல் அப்டேட் வரும்போது டெஸ்க்டாப் எழாமல் போக அதுவே காரணமாகிவிடும்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் பூட்டில் அனுமதிக்கும் பாதுகாப்பு. சில டிரைவர்கள் உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆகின்றன (மூல நிரலிலிருந்து உருவாகின்றன). அவற்றின் கையொப்பத்தைக் கணினி நம்ப வேண்டுமென்றால் கீயைப் பதிவு செய்தாக வேண்டும். நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்பது இதற்காகத்தான். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வரும், பத்து விநாடி மட்டுமே நிற்கும். உடனே ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்' என்று வரிசையாகப் போய் அந்தப் பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். ஏதோ பிழைச் செய்தி என்று நினைத்து விட்டுவிட்டால், டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் லோடு ஆகாது. அந்த நிலையில் எளிய வழி, பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பது. இதற்கும் பிட்லாக்கர் கீ கேட்கலாம், கையில் இருக்கட்டும்.

பழைய லேப்டாப்களில் இருக்கும் பிராட்காம் பிசிஎம்43142 போன்ற கார்டுகளில் சிக்கல் வேறு. வைஃபை வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' போட்டால் மின்ட் அதை ஒயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் நிறுவிய பென்டிரைவையே மறுபடி செருகுங்கள்; டிரைவர் மேனேஜர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ரியல்டெக் யூஎஸ்பி டாங்கிள்களில் சில, செருகியதும் விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடி போலத் தோன்றும். ஃபைல் மேனேஜரில் அந்தச் சிடியை 'இஜெக்ட்' செய்து பாருங்கள், வைஃபையாக மாறிவிடும்.

பிரின்டரில் எச்பி லேசர்ஜெட் 1020-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தன் ஃபர்ம்வேரை நினைவில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினி அதை அனுப்பியாக வேண்டும். எச்பி பிரின்டர்களுக்கான எச்பிலிப் தொகுப்பு மட்டும் இருந்து, அதற்கான பிளகின் (கூடுதல் இணைப்பு மென்பொருள்) இல்லையென்றால் பிரிண்ட் வேலை போய்ச் சேர்ந்தது போலிருக்கும், தாள் வராது. 'எச்பி-செட்டப்' ஓட்டும்போது பிளகின் இறக்கவா என்று கேட்டால் சம்மதியுங்கள். எச்பிலிப்பும் பிளகினும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். மின்டைப் புதிய வெளியீட்டுக்கு மாற்றிய பிறகு பிரின்டர் ஊமையாகிவிட்டால், பிளகினை மறுபடி இறக்கினால் போதும்.