கண்ணாடியா, திரையா?

பத்து வருடம் டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில் (படமெடுக்குமுன் எட்டிப் பார்க்கும் துளை) கண்ணை வைத்துப் பழகியவன் நான். உள்ளே இருக்கும் கண்ணாடியில் பட்டு, பென்டாப்பிரிஸம் என்ற ஐங்கோணப் பட்டகத்தில் திரும்பி வரும் நிஜ வெளிச்சம், தாமதமே கிடையாது. கேமரா அணைந்திருந்தாலும் எதிரே நடப்பது தெரியும். படம் எப்படி வரும் என்பதை மட்டும் சொல்லாது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் சட்டகத்தின் 95 சதவீதம்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓரத்தில் யாருடைய முழங்கையோ இருக்கும்.

அந்தக் கண்ணாடி இல்லாமல், வியூஃபைண்டரில் சின்னத் திரை இருக்கும் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறி மூன்று மாதம். டயலைத் திருப்பும்போதே படம் இருளுவதும் வெளுப்பதும் கண்முன் தெரிகிறது. மங்கிய வெளிச்சத்தில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யலாம். இதற்காகவே எப்போதோ மாறியிருக்கலாம்.

சரி, பேட்டரி? அதை மட்டும் கேட்காதீர்கள். பையில் மூன்று கிடக்கின்றன.