வேலையிடத்தில் தோள் காயம்: எந்த டொக்டரிடம் போவது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வேலையிடத்தில் காயப்பட்டால், எந்த டொக்டரிடம் போவது என்பதை முதலில் தீர்மானிக்கும் உரிமை தொழிலாளிக்குத்தான். 1997ஆம் ஆண்டின் வேலைத்தலப் பாதுகாப்பு, காப்புறுதிச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. பிறகு டொக்டரை மாற்றுவதென்றால், வேலைக்காயங்களுக்கு நட்டஈடு தரும் மாகாண அமைப்பான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் (WSIB) சம்மதம் வேண்டும். அதனால் முதல் தெரிவை அவசரத்தில் இன்னொருவர் கையில் விட்டுவிடாதீர்கள்.

நான் ஸ்காபரோவில் ஒரு வெயர்ஹவுசில் வேலை செய்கிறேன். மேல்தட்டிலிருந்து பெட்டியொன்றை இறக்கும்போது வலது தோளில் ஏதோ அறுந்தது போல இருந்தது. அதற்குப் பிறகு கையைத் தூக்க முடியவில்லை. சுப்பவைசரிடம் உடனே சொல்லி, எழுத்திலும் பதியச் செய்தேன். "பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த கிளினிக் இருக்கிறது, வாருங்கள்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் முன்பு முதுகுக் காயத்தோடு இதே வழியில் அலைந்த அக்கா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, உன்ரை டொக்டரிட்டையே போ. உன்ரை பழைய ஃபைல் அங்கைதான் இருக்கு" என்றார்.

சரி என்று என் குடும்ப டொக்டரிடம் போனேன். காயப்பட்ட அன்று டொக்டரிடமோ ஆஸ்பத்திரிக்கோ போகும் பயணச் செலவு முதலாளியுடையது. அன்றைய முழுச் சம்பளமும் அப்படித்தான். டாக்சி பிடித்துத் தந்தார்கள்.

என் டொக்டரின் கிளினிக்கில் ஹெல்த் கார்டை, அதாவது மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டையை, கேட்டார்கள். இது வேலையில் நடந்த காயம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால்தான் டொக்டர் காயத்தைப் பற்றிய தன் அறிக்கையான எட்டாம் இலக்கப் படிவத்தை நிரப்பி டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்கு அனுப்புவார், கட்டணமும் டபிள்யூ.எஸ்.ஐ.பி.யிடம் போகும். டொக்டரிடம் வெறுமனே "தோள் வலி" என்று சொல்லவில்லை. பெட்டி எவ்வளவு பாரம், எந்த உயரத்தில் இருந்தது, கை எந்தப் பக்கம் திரும்பியது, வலி எந்த நொடியில் வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டு அப்படியே எழுதினார். அந்தப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் நம்மால் என்ன வேலை செய்ய முடியும், எது முடியாது என்பது இருக்கும். முதலாளிக்குக் கொடுப்பது அந்தப் பக்கம் மட்டும்தான். நோய் விவரம் இருக்கும் மற்றப் பக்கங்களைக் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

முதலாளி தன் பங்குக்கு, காயத்தை டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்கு அறிவிக்கும் ஏழாம் படிவத்தை மூன்று வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். என் கம்பெனி அனுப்பியது, ஆனால் இது பழைய வலியாக இருக்கலாம் என்றும் சேர்த்து எழுதிவிட்டது. வாசித்தபோது மனம் நொந்துபோனது. அக்கா சொன்னதன் அருமை அப்போதுதான் முழுதாக விளங்கியது. பல வருடமாக என்னைப் பார்க்கும் டொக்டரின் ஃபைலில் தோளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை அவர் கடிதமாக எழுதி அனுப்பினார். டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் கேஸ் மனேஜர் அதைப் பார்த்த பிறகு என் நட்டஈட்டுக் கோரிக்கை ஏற்கப்பட்டது. முதல்முறை பார்க்கும் ஒரு டொக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியாது.

அப்புறம் பிசியோ, அல்ட்ராசவுண்ட் எல்லாம் என் பையில் கைவைக்காமல் நடந்தன. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, கையில் கிடைத்து வந்த நிகரச் சம்பளத்தில் 85 சதவீதம் வந்தது. இப்போது தோளுக்கு மேல் தூக்காத இலகு வேலைக்குத் திரும்பியிருக்கிறேன்.

குடும்ப டொக்டர் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். சில டொக்டர்கள் படிவ வேலைக்குப் பயந்து இந்தக் கேஸ்களை எடுப்பதுமில்லை. போகும் முன் போன் பண்ணி, வேலைக்காயக் கேஸ் எடுப்பார்களா, தொடர்ந்து அதே டொக்டரே பார்ப்பாரா என்று கேளுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் டபிள்யூ.எஸ்.ஐ.பி.யிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், காசு இல்லை. கோரிக்கையை மறுத்தால், யூனியன் இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவும். மறுப்புக் கடிதத்தில் இருக்கும் கடைசித் திகதியை மட்டும் தவற விட வேண்டாம்.