எட்டரை மணிப் பசி

அம்மா இறந்து ஐந்து மாதம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1 சதவீதம் என்று வந்தது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். எடை 78 கிலோ. மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறைக்கு மாறுவதென்று அன்றே முடிவெடுத்தேன்.

டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையை அவர் பாதியாகக் குறைத்தார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து டாக்டரிடம் சொல்வதைத் தவிர்க்காதீர்கள். சோற்றைக் குறைத்துவிட்டு இந்த வகை மாத்திரையை அதே அளவில் விழுங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

காலையில் வெண்ணெயில் மூன்று முட்டை. மதியம் துருவி வதக்கிய காலிஃபிளவர், கீரை, கோழிக்கறி. மாலையில் ஒரு கைப்பிடி பாதாம். மாவுச்சத்து குறையும்போது சிறுநீரோடு உப்பும் கூடுதலாக வெளியேறும் என்பதால் முதல் வாரம் தலைவலி படுத்தியது. உப்புப் போட்ட ஆட்டுக்கால் சூப் அதைத் தீர்த்தது. மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்து ஏ.வி. பாலம் தாண்டி செல்லூருக்கு வரும் வழியில் பருத்திப்பால் வண்டி நிற்கும். கருப்பட்டியும் சுக்கும் மணக்கும். அதைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

ஆனால் இரவில் தோற்றேன். வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் வடித்த சோற்றில் மிச்சத்தை எடுத்து, தயிர் ஊற்றிப் பிசைந்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டிருப்பேன். கை கழுவும்போதுதான் சாப்பிட்டதே உறைக்கும். பிறகு அழுகை. 'இனி எதற்கு' என்று அந்த வாரம் முழுக்கப் போய்விடும். இப்படி நான்கு முறை விட்டுவிட்டுத் தொடங்கினேன்.

ஐந்தாவது முறை ஒரு நோட்டு போட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று எழுதவில்லை. மீறிய நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, இவ்வளவுதான். மூன்றாவது வாரம் புரட்டிப் பார்த்தபோது உடம்பு நடுங்கிவிட்டது. பதினொரு முறை மீறியிருந்தேன். அதில் ஒன்பது, இரவு எட்டரையை ஒட்டி.

எட்டரை, அம்மாவுக்குச் சோறு ஊட்டும் நேரம். படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் சோற்றைக் குழைய வடித்து, தயிர் விட்டு, பருக்கை தெரியாமல் மசித்து ஊட்டுவேன். நாலு வாய்க்கு மேல் இறங்காது. மிச்சத்தை அவர் பெயர் வெட்டிய அதே எவர்சில்வர் தட்டில் நான் சாப்பிட்டு முடிப்பேன். அம்மா போன பிறகும் என் கை அந்த வேலையை நிறுத்தவே இல்லை. அதுவும் அதே தட்டில்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னை நானே திட்டுவதை விட்டுவிட்டேன். துக்கத்தைத் தீனி ஆசை என்று நினைத்து இத்தனை நாள் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எட்டேகாலுக்கே சோற்றுப் பானையை மகன் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். நான் ஒரு டம்ளர் சூப்புடன் கீழ்வீட்டு ஆச்சியிடம் போய்விடுவேன். அம்மாவோடு முப்பது வருடம் பழகியவர். முதல் நாள், "உங்க அம்மா நினைப்பு வந்துவிட்டதா? வா, உட்கார்" என்று மட்டும் சொன்னார். அம்மாவோடு ஆற்றில் அழகரைப் பார்க்கப் போன கதையை அன்று அவர் சொல்ல, அழுதுகொண்டே கேட்டேன். ஒன்பது மணிக்கு மாடிக்குத் திரும்பி வந்தபோது சோற்றின் நினைப்பே இல்லை.

அதற்குப் பிறகும் ஒருமுறை தவறினேன். வீட்டைப் பாகம் பிரிப்பது பற்றி அண்ணன் போனில் பேசிய இரவு, தெருமுனையில் சால்னா ஊற்றி மூன்று பரோட்டா சாப்பிட்டேன். இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறியது. முன்பானால் அத்தோடு விட்டிருப்பேன். உடம்பு மாவுச்சத்தைச் சேமிக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை முட்டையோடு பழையபடி தொடர்ந்தேன். நான்காம் நாள் எடை இறங்கிவிட்டது.

முதலாம் ஆண்டு திதிக்கு இலை போட்டுச் சோறு, வடை, பாயசம் எல்லாம் சாப்பிட்டேன். ஒரே வேளை என்று முன்பே முடிவு செய்தது. மதினி, "ராத்திரிக்கும் கொஞ்சம் எடுத்து வை" என்றபோது, "போதும் மதினி" என்று சொல்ல எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

இப்போது எடை 69. சர்க்கரைச் சராசரி 6.4. மாத்திரை இன்னும் பாதி அளவில் தொடர்கிறது. அம்மாவின் தட்டை நான் எடுத்து வைத்துவிடவில்லை. காலையில் முட்டையை அதில்தான் போட்டுச் சாப்பிடுகிறேன்.