அடுக்குமாடி வீட்டில் கோஆக்ஸ் சுருளும் ஃபெரைட் சோக்கும்

அமெச்சூர் வானொலியை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளில் நடுக்கம்பி, அதைச் சூழ்ந்த பின்னல் உறை என இரண்டு கடத்திகள் இருப்பதாகச் சொல்கிறோம். உயர் அலைவரிசையில் அது மூன்றாகிவிடுகிறது. மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஓடுவதால், பின்னல் உறையின் உட்புறத்தில் ஓடுவதும் வெளிப்புறத்தில் ஓடுவதும் இரு வேறு ஓட்டங்கள். இரு கைகளாக நீளும் கம்பி ஆன்டெனாவான டைபோலின் நடுவில் கேபிளை நேரே பற்றவைத்தால், உறையின் உட்புறம் வழியே வரும் மின்னோட்டம் ஒரு பகுதி கம்பியின் கைக்கும், மறு பகுதி உறையின் வெளிப்புறத்துக்குமாகப் பிரிந்துபோகிறது. அந்த இரண்டாவது வழியை அடைப்பதுதான் சோக்கின் வேலை; கேபிளையே சுருளாகவோ, ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) வளையத்திலோ சுற்றி அதைச் செய்கிறோம். 1944இல் பொறியாளர் குவானெல்லா விவரித்த அமைப்பிலிருந்து வந்த 1:1 கரன்ட் பாலுன் (சமநிலை ஆன்டெனாவைச் சமநிலையற்ற கேபிளோடு இணைக்கும் கருவி) செய்வதும் இதையே.

ஒலிபரப்பும்போது மைக் உதட்டைச் சுடுகிறது, கணினி தடுமாறுகிறது என்பதற்காகவே பலர் சோக்கை நாடுகிறார்கள். சிங்கப்பூரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் வாழும் நமக்கு அதைவிடப் பெரிய காரணம் கேட்பதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆன்டெனா சன்னலுக்கு வெளியே இருந்தாலும், கேபிள் வரவேற்பறையைக் கடந்துதான் வானொலிக்கு வருகிறது. வழியில் எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், ரூட்டர், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஏர்கான் ஆகியவற்றின் இரைச்சலை உறையின் வெளிப்புறம் வாங்கிக்கொண்டு, ஆன்டெனாவின் இணைப்புப் புள்ளியில் உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கேபிளைக் கையில் பிடிக்கும்போது எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாப் பொருத்தத்தைக் காட்டும் நிலையலை விகிதம்) மாறினாலோ, நகர்த்தும்போது 7 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் கூடிக் குறைந்தாலோ, வெளிப்புறம் சும்மா இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

“அண்ணே, கேபிளைப் பிவிசி குழாயில் எட்டுச் சுற்றுச் சுற்றினால் போதாதா?” என்று ஈசூனில் வசிக்கும் தம்பி ஒருவர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 110 மில்லிமீட்டர் குழாயில் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸை நெருக்கமாக எட்டுச் சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 9 மைக்ரோஹென்றி கிடைக்கும்; 7.1 மெகாஹெர்ட்ஸில் அதன் தடை (இம்பீடன்ஸ்) சுமார் 400 ஓம். அந்தத் தடை ஏறக்குறைய முழுவதும் தூண்டல் தன்மையுடையது என்பதில்தான் சிக்கல். கேபிளின் வெளிப்புறமும் ஒரு கம்பியாதலால், அதன் நீளத்தையும் மறுமுனை தரையோடு இணைந்திருக்கும் விதத்தையும் பொறுத்து, இணைப்புப் புள்ளியில் அது தூண்டல் தன்மையோ மின்தேக்கத் தன்மையோ காட்டும். மறுமுனை தரையிடப்பட்ட 15 மீட்டர் கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் மின்தேக்கத் தன்மை காட்டும் நிலையில் இருக்கும்; அத்துடன் நம் சுருள் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, சோக் இல்லாதபோது ஓடியதைவிட அதிக மின்னோட்டம் ஓடக்கூடும். சுருளின் தன்னொத்திசைவை (சுருள் தன் சுற்றுகளுக்கிடையிலான மின்தேக்கத்தோடு ஒத்திசையும் அலைவரிசை) ஒட்டிய ஒரு அலைவரிசைப் பட்டையில் அது நன்றாக வேலை செய்யும். பல பட்டைகளுக்கு அதை நம்ப முடியாது.

ஃபெரைட்டின் அருமை இங்கேதான் தெரிகிறது. கீழ்ப் பட்டைகளில் 31ஆம் கலவை எனப்படும் ஃபெரைட் வகையின் தடையில் பெரும்பகுதி மெய்யான மின்தடை. அதைக் கழித்துவிட எந்தக் கேபிள் நீளத்தாலும் இயலாது. சுமார் 61 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃப்டி240-31 வளையத்தில் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் 7 மெகாஹெர்ட்ஸில் சில ஆயிரம் ஓம் கிடைக்கும். சுற்றும்போது முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் நெருங்காமல் இடைவெளி விடுங்கள். நெருங்கினால் அவற்றுக்கிடையிலான மின்தேக்கம் மேல் பட்டைகளில் தடையைக் குறைத்துவிடும். நுரை மின்காப்புள்ள கேபிளை இவ்வளவு இறுக்கமாக வளைக்கக் கூடாது, நடுக்கம்பி நாளடைவில் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். ஒலிபரப்பும்போது வளையம் சூடேறினால், தடை போதவில்லை என்று பொருள். இன்னொரு சோக்கைத் தொடரில் சேர்க்க வேண்டும். சோக்கை வைக்கும் பெட்டியின் அடியில் சிறு துளை இருக்கட்டும், நம் ஊர் ஈரம் உள்ளே தங்காது.

இடவசதி இல்லாத நம்மில் பலர் 49:1 மாற்றியுடன் (தடையை 49க்கு 1 என மாற்றும் மின்மாற்றி) முனையூட்டு அரை அலை ஆன்டெனா (ஒரு முனையில் மட்டும் கேபிள் இணையும் கம்பி) வைத்திருக்கிறோம். அங்கே திரும்பு பாதையாக இருப்பதே கேபிளின் வெளிப்புறம்தான். மாற்றியை ஒட்டியே சோக்கை வைத்தால் அந்தப் பாதை அடைபட்டுவிடும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு மீட்டர் அளவில் திரும்பு பாதையாகும் எதிர்க்கம்பி ஒன்றை மாற்றியின் தரை முனையில் கட்டிய பிறகு சோக்கைச் சேர்க்கலாம்; அல்லது அதே அளவு கேபிளை விட்டுவிட்டு, அதற்கப்பால் சோக்கை வைக்கலாம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக் ஒன்று இருந்தால், உள்ளே ஓடும் நீளத்தில் ஏறிய இரைச்சல் ஆன்டெனாப் பக்கம் போவதும் தடைபடும்.