மல்லி போட்ட பழுப்புக் குட்டிகள்

தை மாதக் கடைசியில் மல்லி குட்டி போட்டாள். ஏழு குட்டி. வெள்ளைச் சுண்டெலி வளர்ப்பவர்களுக்குத் தெரியும், பிறந்த குட்டி சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். உடம்பு முழுக்க இளஞ்சிவப்பு. குடித்த பால் வயிற்றுக்குள் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். கண் மூடியிருக்கும் இடமும் தோல் நிறத்திலேயே இருக்கும். ஆனால் இந்த ஏழுக்கும் அந்த இடத்தில் கடுகை ஒட்டி வைத்தது போல் கருப்பு.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மல்லி இருந்தது பெண்கள் மட்டும் இருக்கும் தொட்டியில். ஆணோடு சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தாலும் என்னிடம் இருக்கும் ஆண்கள் எல்லாம் வெள்ளை. வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் வெள்ளைதான் பிறக்கும். நிறமே இல்லாமல் போகும் அந்தக் குணம் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் காட்டுச் சுண்டெலியாக இருந்துவிட்டால் குட்டி பழுப்பாகிவிடும். அப்படியென்றால் வெளியிலிருந்து ஒரு ஆண் எலி உள்ளே வந்து போயிருக்கிறது.

நாங்கள் பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முன்பக்கம் வீட்டுக்கார ஆச்சி. வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் ஒன்றை என் எலிகளுக்கென்று விட்டுக்கொடுத்தவரும் அவர்தான். அப்போது என்னிடம் 34 எலிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, நோட்டில் பிறந்த தேதி உண்டு. அந்த நோட்டை வைத்துப் பின்னால் எண்ணினேன். சுண்டெலிக்குச் சினைக்காலம் 19 முதல் 21 நாள். எண்ணிப் பார்த்தால் செவ்வாய்ப் பொங்கல் வாரத்தில் போய் நின்றது. தைப் பொங்கலுக்கு அடுத்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் நகரத்தார் வைக்கும் பொங்கல் அது.

ஆச்சிக்குப் பிறந்த ஊர் நாட்டரசன்கோட்டை. செவ்வாய்ப் பொங்கலுக்கு வந்த உறவெல்லாம் இந்த வீட்டில்தான் தங்கினார்கள். நாலு நாள் எந்தக் கதவும் சாத்தப்படவில்லை. அறுவடை முடிந்து வந்த நெல் மூட்டைகளை என் அறைக்குப் பக்கத்து அறையில் அடுக்கியதும் அதே வாரம்தான். யார் மேலும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. காவல் என் பொறுப்பு.

இதற்கு முன்பே இரண்டு அறிகுறிகளைப் பார்த்தும் விட்டிருக்கிறேன். ஒன்று, தொட்டி மூடியின் மேல் கிடந்த எச்சம். உள்ளே இருக்கும் எலியின் எச்சம் மூடிக்கு மேலே எப்படி வரும்? இரண்டாவது, பொங்கலை ஒட்டி ஜோடி சேர்த்த இரண்டு பெண்களும் குட்டி போடவே இல்லை. சினைப்பட்ட முதல் சில நாட்களில் அறிமுகமில்லாத ஆணின் வாடை பட்டால் பெண் சுண்டெலிக்குக் கரு தங்காமல் போகும். ஹில்டா புரூஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1959-இல் கண்டுபிடித்தது இது. என் எலிகளுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வலைக்கு வெளியே வந்து போகிற ஒரு எலி உள்ளே நுழையாமலேயே இவ்வளவு செய்யும் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி.

அவன் எப்படி நுழைந்தான்? என் தொட்டிகள் பிளாஸ்டிக், முக்கால் அடி ஆழம். மூடியில் சதுரமாக வெட்டி நைலான் கொசுவலை ஒட்டியிருந்தேன். காற்று போகும், என் எலிகளும் அவ்வளவு உயரம் தாவ முயன்றதில்லை. மல்லியின் தொட்டி மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு மூலையில் வலை அரை வட்டமாகக் கடிபட்டிருந்தது, நுனியெல்லாம் உள்பக்கமாக மடிந்து. வெளியிலிருந்து கடித்த கடி. காட்டுச் சுண்டெலி ஒரு அடி உயரம் சாதாரணமாகத் தாவும். குதித்து இறங்கி, தாவி ஏறிப் போயிருக்கிறான்.

அன்றைக்கே எல்லா நைலானையும் பிய்த்து எறிந்தேன். காரைக்குடிக்குப் போய், செக்காலைப் பக்கம் ஒரு இரும்புக் கடையில் கால் இஞ்ச் கண் உள்ள கம்பி வலை வாங்கி, போல்ட்டும் வாஷரும் போட்டு முறுக்கினேன். ஒட்டினால் போதாது, ஓரத்தைப் பல்லால் நெம்பிவிடும். அரை இஞ்ச் வலை விலை குறைவுதான், வாங்காதீர்கள். பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் சுண்டெலி நுழையும்.

ஆனால் கூண்டை மட்டும் காத்தால் வாடையும் உண்ணியும் நிற்காது. அறையையே காக்க வேண்டும். அதற்கு முதலில் வருவது யார், எந்த வழி என்று தெரிய வேண்டும். ஆச்சியிடம் கோலமாவு கேட்டேன்.

"எதுக்கு தம்பி, எலிக்குக் கோலம் போடப் போறியா?"

"ஆமா ஆச்சி, அதுதான் வந்து போடணும்."

அரிசிமாவு வேண்டாம், அது விருந்தாகிவிடும். கல்மாவு. ராத்திரி சுவரோரமாகவும் வாசலிலும் மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுத்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த சிவப்புத் தரை, காலையில் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு அடியும் தெரிந்தது. முன்னங்காலுக்கு நாலு விரல், பின்னங்காலுக்கு ஐந்து, நடுவில் வால் இழுத்த நூல் கோடு. மூன்று வழி கிடைத்தது: கதவுக்கும் நிலைப்படிக்கும் நடுவே தேய்ந்த இடுக்கு, முற்றத்துத் தண்ணீர் போகும் துவாரம், பழைய ஒயர் எடுத்த பிறகு மூடாமல் விட்ட ஓட்டை. அடி அளவைப் பார்த்தால் எல்லாம் சுண்டெலி. எச்சமும் அதையே சொன்னது. சுண்டெலி எச்சம் அரிசி மணியை விடச் சின்னது, பெரிய எலியுடையது அரை இஞ்சும் அதற்கு மேலும் இருக்கும். முற்றத்தில் மட்டும் ஒரு மூஞ்சூறு வந்து போயிருந்தது. அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி. ஆனாலும் குட்டிகள் இருக்கும் அறைக்குள் அதையும் விடக்கூடாது.

ஓட்டை அடைக்க வந்த கொத்தனார் வெறும் சிமெண்டு வேண்டாம் என்றார். பழைய சுண்ணாம்புச் சுவரில் அது பிடிக்காது, விட்டுக்கொண்டு வரும், ஈரமாக இருக்கும்போதே எலி தோண்டியும் விடும். சுண்ணாம்புக் கலவையில் கண்ணாடிச் சில்லை நொறுக்கிப் போட்டு உள்ளே திணித்து, மேலே கம்பி வலைத் துண்டு வைத்துப் பூசினார். தண்ணீர்த் துவாரத்துக்கு அதே கால் இஞ்ச் வலை, கழற்றிச் சுத்தம் செய்கிற மாதிரி. கதவின் அடியில் தகரப் பட்டை. பர்மாத் தேக்கில் ஆணி அடிக்கச் சம்மதிப்பாரோ என்று பயந்தபடி கேட்டேன், ஆச்சி ஒரு நொடி யோசித்துவிட்டு, "அடிச்சுக்கோ, ஆனா உள்பக்கமா அடி" என்றார். தொட்டிகள் இருக்கும் ஸ்டாண்டைச் சுவரிலிருந்து முழ தூரம் இழுத்து, கால்களில் ஒன்றரை அடி உயரத்துக்கு வழவழப்பான தகரம் சுற்றினோம். சமையலறை அலமாரிக்கு வைப்பது போலக் காலடியில் தண்ணீர்க் கிண்ணமும் உண்டு, அது எறும்புக்கு மட்டும்தான். எலி நீந்தும்.

மருந்து வைக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். வைக்கவே வைக்காதீர்கள். தின்ற எலி சுவருக்குள் போய்ச் செத்து நாறும். அதை விட முக்கியம், எலி தீனியைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைக்கும், அதில் ஒரு துணுக்கு நம் தொட்டியில் விழுந்தால் முடிந்தது. பசை அட்டையும் கூடாது. ஒட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கத் துடிக்கும், பார்க்கச் சகிக்காது. "பிள்ளையார்பட்டி பக்கத்துல இருந்துக்கிட்டு எலியைக் கொல்லாதப்பா" என்று ஆச்சியும் சொன்னார். கம்பிக்கூண்டுப் பொறிதான் வைத்தேன், சுவரை ஒட்டி, உள்ளே வறுத்த வேர்க்கடலை. ஒன்பது ராத்திரியில் ஆறு சுண்டெலி. உயிரோடு பிடிக்கும் பொறியில் இன்னொரு நன்மை, தொட்டியிலிருந்து தப்பிய நம் எலி மாட்டினாலும் பிழைக்கும்.

தீனி விஷயத்தில் நான் ரொம்ப அசட்டையாக இருந்திருக்கிறேன். கம்பும் பொட்டுக்கடலையும் துணிப்பையில் தொங்கின. இப்போது எல்லாம் மூடி இறுகிய எவர்சில்வர் தூக்கில். வைக்கோல் படுக்கையையும் நிறுத்தினேன். களத்தில் கிடந்த வைக்கோலில் எந்த எலி மூத்திரம் விட்டதோ யாருக்குத் தெரியும். கிழித்த செய்தித்தாள் போதும்.

இதற்குள் மல்லியும் அவளுடன் இருந்த மூன்று பெண்களும் சொறிய ஆரம்பித்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் முடி கொட்டித் தோல் தெரிந்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். முடியைச் சீவி எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, உண்ணி என்றார். ஐவர்மெக்டின், எடை பார்த்து அளந்து கொடுத்தார், இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும். இந்த மருந்தை நாமாக வாங்கிப் போடக்கூடாது. இருபத்தைந்து முப்பது கிராம் உடம்புக்கு ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து. அந்தத் தொட்டியைப் பின்கட்டுக்கு மாற்றினேன். தினமும் முதலில் நல்ல எலிகளுக்குத் தீனி, கடைசியில்தான் நோய்த் தொட்டி, பிறகு குளியல், மாற்றுச் சட்டை. ஆறு வாரம். அறையில் கிடந்த எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கவில்லை. பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கையுறை, முகமூடியோடு துடைத்தேன். எலிக்காய்ச்சல் மூத்திரத்திலிருந்துதான் மனிதருக்கு வருகிறது.

பழுப்புக் குட்டிகள் ஏழும் பிழைத்தன. கண் திறந்த நாளிலிருந்தே வேறு பிறவி. மூடியைத் தொட்டாலே சட்டியில் கம்பு பொரிவது போல நாலா பக்கமும் தெறிக்கும். மூன்று வாரத்தில் ஆண், பெண் பிரித்து, ஆழமான கண்ணாடித் தொட்டிகளில் தனியாக வைத்திருக்கிறேன். இனப்பெருக்கத்துக்கு விடப்போவதில்லை. நோட்டில் அவற்றுக்கும் பெயர் எழுதியாயிற்று, தகப்பன் பெயர் இருக்கும் இடம் மட்டும் காலி.

கோலமாவு தூவுவதை நிறுத்தவில்லை, வாரத்துக்கு ஒரு ராத்திரி. நாலு மாதமாகத் தரை சுத்தம். போன வெள்ளிக்கிழமை காலை, கதவுக்கு வெளியே ஒரு வரிசை அடி தெரிந்தது. தகரப் பட்டை வரைக்கும் வந்து, அதன் நீளத்துக்கு இரண்டு தடவை போய் வந்து, பிறகு முற்றத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.